தலைக்கு ஒரு தே ஓ

எண்பதுகளில் நான் தினமும் போய்வந்த கோலசிலாங்கூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லியான ஆள், தலைமுடி மட்டும் கருகருவென்று மின்னும். தினமும் ஜெராம் நிறுத்தத்துக் கடைக்காரப் பெண்ணிடம் சீனி போடாத தே ஓவை, அதாவது பால் கலக்காத தேநீரை, பிளாஸ்டிக் பையில் வாங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் போய்த் தலையில் ஊற்றிக்கொள்வார். நரைக்கு அதுதான் மருந்தாம்.

தன் தேநீர் போகுமிடம் தெரிந்த அன்று, அவள் சீனியை அள்ளிப் போட்டுவிட்டாள். பஸ்ஸிலிருந்த மீன்கூடைகளை விட்டுவிட்டு ஈக்களெல்லாம் அவர் தலைக்கு வந்தன. கடை வாசலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வேற கடையில வாங்குங்கண்ணே," என்றேன்.

"சும்மா இருலா. இத்தன நாளா நிமிர்ந்துகூட பாக்காத பொண்ணு, இன்னிக்குத்தான் என்னப் பாத்துச் சிரிச்சிருக்கு."

மறுநாள் கடையில் அவர் குரல் பஸ்வரை கேட்டது: "சீனி கொஞ்சம் தூக்கலா போடும்மா!"

அதையும் அவர் குடிக்கவில்லை.