குளிர் பொறாத உருளை

உருளைக்குக் குரங்குக் குல்லாயைக் கவிழ்த்து, அடியில் மஃப்ளரைச் சுற்றி முடிச்சிடுகிறார் மாதங்கி. மூலவருக்கு வஸ்திரம் சாத்தும் அர்ச்சகரும் இத்துணை மெல்லக் கைவைப்பாரா என்பது ஐயமே. மார்கழியில் கொல்கத்தாவே அணியும் குல்லாய்தான். ஆனால் இது சித்திரை. "அதுக்கு ஜில்லுன்னு பட்டாப் பொறுக்காது, கோபு. ஏசி பக்கமே போகாதே" என்கிறார், உடன் பணிபுரியும் பொறியாளரிடம்.

உருளையில் சுற்றியிருப்பது மயிரினும் மெல்லிய கண்ணாடி இழை. அவிழ்த்தால் சால்ட் லேக்கிலிருந்து காளிகாட் வரை எட்டும். ரேடார் விடுக்கும் நுண்ணலையை லேசர் ஒளிமேல் ஏற்றி, அவ்விழைவழியே ஓடவிடுவது மாதங்கியின் தொழில். ஒவ்வோர் அதிர்வெண்ணும் தனக்குரிய கணத்தில் மறுமுனை சேரும். சேர்ந்த கணமே திரையில் முகடாய் எழும். இழை குளிர்ந்தாலோ ஒளி முந்திவிடும். முகடு இடப்புறம் நழுவிப் பொய் சொல்லும்.

அன்று தில்லிக் குழுவின் சோதனை. முகடு அசையாது நின்றால் இந்த ஆய்வறை மாதங்கிக்கு. நழுவினால் ஊழியர் மன்றத்தின் டேபிள் டென்னிஸுக்கு. மன்றச் செயலாளர் தாரக் பாபு காலையிலேயே மேசைக்கு அளவெடுத்துவிட்டார். குல்லாயையும் மஃப்ளரையும் கழற்றித் தம் பைக்குள் திணித்துக்கொண்டவரும் அவரே. "பெரியவங்க வர்ற இடத்துல என்ன கோலம் இது, தீதி? மெஷினுக்குக் காய்ச்சலா?"

வெயிலில் வெந்து வந்த குழுத்தலைவர், கோட்டைக் கழற்றாமலே ஏசியை உச்சத்தில் வைக்கச் சொன்னார். முகடு இடப்புறம் ஊர்ந்தது. ஏசியை நிறுத்துமாறு வேண்டினார் மாதங்கி.

"முதல்ல நாங்க உயிரோட இருக்கணும், மேடம்."

தாரக் பாபு கூரையைப் பார்த்தபடி, கையில் இல்லாத மட்டையைச் சுழற்றினார்.

மாதங்கி உருளையை மடியிலேற்றி, முந்தானையால் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டார். முகடு தயங்கியது, திரும்பியது, தன் இடத்தையும் கடந்து வலப்புறம் நடந்தது.

"கொஞ்சம் தளர்த்திக்கோங்கோ, மேடம்" என்றான் கோபு, திரையிலிருந்து கண்ணெடாமல். "ம், போதும். அப்படியே இருங்கோ."

முகடு தன் இடத்தில் வந்து நின்றது.

"இதுவும் கருவியில சேர்த்தியா?" என்றார் தலைவர்.

"இப்போதைக்கு நானும் அதுல ஒரு பார்ட்டுதான், சார்."

குழு நெடுநேரம் நோக்கியிருந்தது. முகடு அசையவில்லை. "ரூம் உங்களுக்கே" என்று தலைவர் வந்து கை நீட்டினார். அந்நொடி முகடு இம்மியளவு இடப்புறம் சாய்ந்தது. மாதங்கி நீட்டிய கையைப் பார்த்தார்; திரையைப் பார்த்தார்; பின் தம் கன்னத்தை உருளைமேல் மெல்ல வைத்துக்கொண்டார்.