பின் அறையைத் தேடியவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவள்தான், ஆனால் சாமி கும்பிடுவது வேறு, இதெல்லாம் வேறு. அதுவும் நான் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் ரொம்ப தூரம். கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனி. கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள் இவர்களுடைய இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள், எங்கே சலித்துப்போய் வெளியேறுகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப விளம்பரத்தை மாற்றச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். இந்த ஒன்றுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாமியப்பன் அண்ணன் ஒரு பழைய வீட்டை வாங்கி, தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். தோப்பில் பாதியை விற்று இதில் போட்டுவிட்டு, அவரும் அவர் மனைவி ராதாமணி அக்காவும் அங்கேயே குடிவந்துவிட்டார்கள். அழகான இடம், ஆனால் ஆள் வரவில்லை. எங்கள் கம்பெனியில் அந்த விடுதியின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அது என் கைக்கு வந்தது.

ஒரு தளத்தின் தேடல் பெட்டியில் வருகிறவர்கள் என்ன வார்த்தை அடிக்கிறார்கள் என்று தனியாக ஒரு ரிப்போர்ட் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும், மனதில் இருப்பதை ஜனங்கள் அதில் ஒளிக்காமல் அடிப்பார்கள். அண்ணனுடைய தளத்தில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 'பின் அறை.' தமிழிலேயே அடித்திருந்தார்கள். எந்த ஊர் என்று பார்த்தால், வால்பாறை.

விடுதிக்காரர்களே தங்கள் தளத்தை நோண்டிக்கொண்டிருந்தால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் அண்ணனுக்கு போன் செய்து, நீங்கள்தான் தேடுகிறீர்களா என்று கேட்டேன்.

"நா என்னத்துக்குங்க அம்மணி எங்கூட்டு ரூமையே போன்ல தேடறேன்? எந்திரிச்சுப் போனா பாத்துக்கறேன்" என்றார். அக்காவிடமும் கேட்டுப் பார்த்தார். அவர் போனில் வீடியோ மட்டும்தான் பார்ப்பாராம்.

அப்படியானால் வால்பாறைக்கு வந்து சேர்ந்தவர்கள் யாரோ அறை தேடுகிறார்கள் என்று நினைத்தேன், நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பீர்கள். விடுதியின் பின்பக்கத்து அறை மலைச்சரிவை ஒட்டி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பெரணிச் செடியும் பாசியுமாக ஒரே பச்சை. அதைப் புதிதாகப் படம் எடுக்கச் சொல்லி, அதற்கென்று தனிப் பக்கம் போட்டு, விளம்பரத்தையும் அதன்மேல் திருப்பினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. மழைக்காலத்திலும் ஆட்கள் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அண்ணன் எனக்கு ஒரு மூட்டை தேங்காய் அனுப்பிவைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. ஆபீசில் நாங்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தோம். அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். வார்த்தை மாறியிருந்தது.

'பின் அறையில் யாரும் வேண்டாம்.'

கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதே வரி. பக்கம் முழுக்க அதுதான். ஊர் வால்பாறை. அறை தேடுகிறவன் அடிக்கிற வார்த்தையா அது, நீங்களே சொல்லுங்கள். நான் பயப்படவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். யாரோ பக்கத்தில் நின்று நிதானமாகச் சொல்லுகிற மாதிரி இருந்தது. போனை எடுத்துவிட்டேன்.

"அண்ணா, பின் ரூம்ல ஆரு இருக்காங்க?"

"தாராபுரத்துக்காரங்க அம்மணி. புருசன் பொண்டாட்டி, கைக்கொழந்த. ஏனுங்க?"

"அவங்கள வேற ரூமுக்கு மாத்துங்கண்ணா. இப்பவே."

போனில் மழைச் சத்தம் பலமாகக் கேட்டது. "எல்லா ரூம்லயும் ஆள் இருக்குதுங்க. நீங்கதானுங்க அந்த ரூமையே வெளம்பரம் பண்ணுனீங்க, இப்ப மாத்துங்கறீங்க. என்னன்னு சொன்னா அவங்ககிட்டச் சொல்றதுக்கு ஆகும்."

என்ன சொல்வது? கம்ப்யூட்டரில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றா? "எனக்குச் சொல்லத் தெரியலீங்கண்ணா. எனக்காகச் செய்யுங்க" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"செரி, எங்க ரூமைக் குடுத்துப்போட்டு நாங்க சமையக்கட்டுல படுத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வரை அவர் போன் கிடைக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். மத்தியானம் சரிவு இறங்கிவிட்டதாம். மண்ணும் பாறையுமாகப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டில்மேல் கிடக்கிறது என்றார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தக் குழந்தை, ராதாமணி அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"ஆரு அம்மணி உங்களுக்குச் சொன்னாங்க?" என்று கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் மறுபடி கேட்கவேயில்லை. பின்னால் வந்து பார்த்த இன்ஜினியர், சரிவிலிருந்த விரிசல் பெரணிக்குள் மறைந்திருந்தது, யார் கண்ணுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றாராம்.

திங்கட்கிழமை, அந்தத் தளத்தை வடிவமைத்த பிரபுவிடம் போய், தேடல் பெட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"பெட்டியா? புதுசா டிசைன் பண்றப்பவே எடுத்துப்போட்டனே. நீங்க இந்த வேலைக்கு வாரதுக்கு முன்னாலயே."

தளம் முழுக்க இரண்டு பேரும் தேடினோம். எங்கேயும் இல்லை. பழைய தேடல் பக்கத்தின் முகவரியை, தேடுகிற வார்த்தையோடு சேர்த்து, கையால் முழுசாக அடித்தால் அந்த ரிப்போர்ட்டில் பதிவாகலாம் என்றான். சொல்லிவிட்டு அவனே, "ஆனா ஆரு உக்காந்து அத்தன வாட்டி அப்புடி அடிப்பாங்க?" என்று முணுமுணுத்தான்.

அண்ணன் அந்த அறையை மறுபடி கட்டவில்லை. இடித்துச் சமன்படுத்தி அப்படியே விட்டுவிட்டார். மற்ற அறைகளுக்கு இப்போது நன்றாகவே ஆள் வருகிறது. அந்த ரிப்போர்ட் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது, நானும் அதை மறக்கப் பழகிவிட்டேன்.

போன வாரம் திறந்தால் ஒரு வரி இருக்கிறது. வால்பாறையிலிருந்துதான். ஒரே ஒரு வார்த்தை.

'ஏனுங்க.'

எங்கள் பக்கம் ஒருவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நம்பினால் நம்புங்கள், அதைப் படித்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே, "சொல்லுங்க" என்றது. பக்கத்து மேஜையிலிருந்து பிரபு, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டான். இன்றைக்குக் காலையிலும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வரி இன்னும் வரவில்லை.