வாண்டுவின் கையில் வசனத்தாள்

ஆறடி உயரம், முப்பத்திரண்டு வயது, போதாததற்கு முறுக்கிவிட்ட மீசை. ஆனாலும் படப்பிடிப்புத் தளத்தில் எல்லாருக்கும் அவன் வாண்டுதான். நாலு வயதில் விழுந்த பெயர். பதினோரு வயதுக்குள் இருபத்தேழு படம் நடித்து முடித்தவன். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், வசனம் ஆணி அடித்த மாதிரி நெஞ்சில் நிற்கும். அப்படி ஒரு மூளைக்கு முன்னால், படித்துப் பட்டம் வாங்கியவர்களெல்லாம் கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடம் மட்டும் வாய்க்கவில்லை. அம்மா வசனத்தைப் படித்துச் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான். "அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போய்க்கலாம்டா கண்ணு" என்பாள். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. குரல் உடைந்தது, முகமெல்லாம் பரு, கூப்பிட ஆளில்லை. பத்து வருஷம் அதே தளங்களில் விளக்குச் சுமந்தான். பிறகு கூட்டத்தில் ஒருவனாக நின்றான், ஒரு வரி பேசினான், பத்து வரி பேசினான். யார் காலையும் பிடிக்காமல், சொந்தக் காலில் ஏறி வந்தவன்.

ஏற ஏறப் பயமும் கூட ஏறியது. அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பது அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முந்தின நாளே தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். கையெழுத்தைப் படம் வரைவதுபோல் வரைவான். யாராவது எதையாவது நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டேன்" என்பான். கண்ணாடியே போடாதவன் தினமும் அதை மறந்துகொண்டிருந்தான்.

கதாநாயகனாக முதல் படம். மூன்றாம் நாள் காலை, இயக்குநர் அம்மாள் ஒரு தாளை அவன் கையில் திணித்தார். கறாரான பெண்மணி. "காட்சிய மாத்திட்டேன். பத்து நிமிஷத்துல எடுக்கணும்."

வாண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாளில் எறும்புக் கூட்டம் போல எழுத்துகள். வீட்டுக்குப் போன் போட்டாலும், தாள் இருப்பது இங்கே. திரும்பவும் விளக்குத் தூக்க வேண்டியதுதான் என்று தோள்பட்டை வலிக்கவே தொடங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு முகம் பூசும் ஒப்பனைக்காரரிடம் ஓடினான்.

"மாமா, கொஞ்சம் வாசிங்களேன். கண்ணு எரியுது."

"எரியறது என் பவுடராலயா, உன் புதுத் திமிராலயா?" என்றபடி அவர் மளமளவென்று ஒரே மூச்சில் வாசித்துக் கொடுத்தார். அவன் அப்படியே விழுங்கிக்கொண்டான்.

கேமரா ஓடியது. அப்பாவாக நடிக்கும் பெரியவரின் முன்னால் நின்று, கண் கலங்கப் பேசினான்: "அப்பா, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு நாற்காலியாவது இருந்துச்சா? குரல் கம்ம, கதவுப் பக்கம் திரும்புகிறான். இனிமே நான் வரமாட்டேன்."

தளத்தில் இருந்த நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. தாளை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினார்.

"முதல் வரிய வாசிங்க."

சிரிப்பு நின்றது. ஒப்பனைக்காரர் குறுக்கே வந்தார். "அம்மா, தப்பு என்னுதுதான். நான்தான் எல்லாத்தையும் சேத்து..."

"நீங்க இருங்க. அவர் வாசிக்கட்டும்."

கண்ணாடிக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மாளின் பார்வையில் அது செல்லாது என்று தெரிந்தது. முழங்கால் இரண்டும் நடுங்கின.

"வாசிக்கத் தெரியாதும்மா. ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"அப்ப மூணு நாளா எப்படிப் பேசினீங்க?"

"வீட்டுல அம்மா படிச்சுச் சொல்வாங்க."

"எத்தன தடவ?"

"ஒரே தடவதாங்க."

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு விளக்குப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடைப்புக்குறிக்குள்ள இருக்கற நடிப்புக் குறிப்ப விட்டுட்டு வாசிக்கறேன். ஒரு வார்த்தை பிசகினாலும் வேற ஆளப் பாத்துக்குவேன்."

வாசித்தார். அவன் கேட்டான். கேமரா ஓடியது. ஒரு வார்த்தை பிசகவில்லை. கால் நடுக்கம் மட்டும் நிற்கவேயில்லை.

சின்ன வயதில் நடித்ததையும் சேர்த்து இன்றைக்கு நாற்பது படம் தாண்டிவிட்டான். ஒப்பந்தம் பேசும்போதே, "தாள் தராதீங்க, படிச்சுச் சொல்ல ஆள் தாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறான். அந்தப் படத்தில், வீட்டை விட்டுப் போகிற மகனின் கால் நடுங்கும் இடத்துக்கு ஊரே கை தட்டியது. வாண்டு மட்டும் அந்தக் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.