தொடையைத் தின்ற காய்ச்சல்

போர்வையை விலக்கிவிட்டு அவர் தன் தொடையை இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்த காலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. "ஏனுங்க சிஸ்டர், என்ற தொடை எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கும் ஆள்வருகையும் எழுதும் ரைட்டர் அவர். மேடும் சரிவுமாக நாள் முழுக்க நடந்து வேலை பார்ப்பவர். நுரையீரலைத் தாக்கிய வைரஸ் காய்ச்சலில் சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, மூச்சு சீரான பிறகு, ஏற்காட்டில் நான் நர்ஸாக இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குத் தேறுவதற்காக வந்திருந்தார். எழுந்து நிற்கச் சொன்னால் முழங்கால் மடங்கியது.

அவர் மனைவிக்கோ தொடையைவிடச் சர்க்கரைதான் பெரிய கவலை. "இவருக்குச் சக்கரைங்கற பேச்சே இருந்ததில்லீங்க. இந்தக் காய்ச்சலோடதான் வந்து ஒட்டிக்கிச்சு" என்பார். அந்த அம்மாவின் அண்ணன் சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். அந்தப் பயத்தில், நாங்கள் அனுப்பும் சோற்றையும் முட்டையையும் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டு, கணவருக்கு நீர்த்த கேழ்வரகுக் கஞ்சியை மட்டும் ஊற்றிவந்திருக்கிறார். தட்டு காலியாகத் திரும்பியதால் நாங்கள் அவர் சாப்பிடுவதாகவே நம்பினோம். வாயில் எதுவும் பிடிக்காத அவருக்கும் அது சௌகரியமாகிவிட்டது.

ஒருநாள், சாப்பாட்டுக்கென்று அளந்த இன்சுலினைப் போட்டுச் சற்று நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். அவர் கண் தெளிந்து என் முகத்தை அடையாளம் காணும்வரை அந்த அம்மா சுவரோடு சாய்ந்து நின்றார். பிறகு, கஞ்சி விஷயத்தைத் தானாகவே சொன்னார்.

எங்கள் டாக்டரம்மா கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "கடுமையான காய்ச்சல்ல ஒடம்பு நொம்ப அவசரத்துல இருக்குமுங்க. ஈரல் சக்கரைய அள்ளி ரத்தத்துல கொட்டும். இன்சுலின் சொல்றத தசை கேக்காது. மூச்சுக்குக் குடுத்த ஸ்டீராய்டும் சேந்து ஏத்தும். வேண்டிய சாப்பாடு உள்ள போகலீன்னா சொந்தச் சதையவே கரைச்சுத் தின்னும். இவரு தொடை அப்படித்தான் போச்சுங்க. பட்டினி போட்டா மிச்சமும் போயிரும்."

"அப்ப இந்தச் சக்கரை எறங்கிருமுங்களா?"

"பலபேருக்கு எறங்குமுங்க. இவருக்கு எப்படீன்னு பாத்துத்தான் சொல்லணும். அதுக்கு ஊசி நாங்க போடறோம். சோறு நீங்க போடுங்க."

அன்று மதியமே அந்த அம்மா முட்டையைச் சோற்றில் பிசைந்து ஊட்டினார். அடுத்தடுத்த நாட்களில் அவித்த பயறும் கோழிக்குழம்பும் வீட்டிலிருந்து வந்தன. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், முகம் திரும்பும்வரை கரண்டியோடு காத்திருந்தார். நான் கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கப் பழக்கினேன். ஸ்டீராய்டு நின்றது, இன்சுலின் குறைந்தது, வீடு போன பிறகு ஒருகட்டத்தில் அதுவும் நின்றது. தொடை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. மறு காபிப் பழ சீசனில்தான் அவர் பழையபடி சரிவில் ஏறினார். இப்போதும் அவ்வப்போது சர்க்கரை பார்த்துக்கொள்கிறார், சரியாகவே இருக்கிறது.

இந்தக் குளிரில் எனக்கே ஃப்ளூ வந்து குவார்ட்டர்ஸில் சுருண்டு கிடந்தேன். தூக்குப் பாத்திரத்தோடு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். பசியில்லை என்றேன். அந்த அம்மா தட்டை எடுத்து வைத்தபடியே சொன்னார்: "பசியில்லீன்னு சொல்றது காய்ச்சலு, நீயில்ல கண்ணு. எந்திரி."

எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.