ஏலக்காய் காட்டிக் கொடுத்த டீ

மகள் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே புகையையும் மணத்தையும் உறிஞ்சும் ஒரு மின்சாரச் சிம்னி இருக்கிறது. நான் டீ போட இஞ்சியைத் தட்டினால் போதும், உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். "அம்மே, சிம்னிய இடு. சோபா ஒக்க மணக்குது." பிறந்து வளர்ந்தது எல்லாம் திருவனந்தபுரம் என்பதால் அவள் தமிழ் அப்படித்தான் வரும். அதை விடுங்கள். சிம்னியைப் போட வேண்டுமாம், சோபாவெல்லாம் டீ மணக்கக் கூடாதாம்! மணக்காத டீயை எதற்குப் போட வேண்டும், சொல்லுங்கள்? வெந்நீரைக் குடித்துவிட்டுப் போகலாமே. நேற்று எனக்கு வந்ததே கோபம், சிம்னியைப் பட்டென்று அணைத்தேன். இஞ்சியும் ஏலக்காயும் கிராம்பும் சேர்ந்து ஒரு தூக்குத் தூக்கியது. அந்த மணத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, காட்டிக் கொடுத்துவிடும். என்னை ஒருமுறை காட்டிக் கொடுத்திருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரம் பாளையத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மாடி அறை. பஸ் ஏற்றிவிட வந்த அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஹாஸ்டல் உண்டுன்னா வேல உண்டு மக்களே. ஹாஸ்டல் இல்லன்னா அன்னைக்கே வீட்டுக்கு வந்துரணும்." எங்கள் ஊரில் மகளை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் எனக்காக ஒரு மாப்பிள்ளை வேறு காத்திருந்தார். நல்ல மனிதர்தான். எனக்கு டைப்ரைட்டர் அவரைவிடப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

விடுதியில் ஒரு விசித்திரமான விதி. டீ மாலை நான்கு மணிக்கு. நாங்கள் வேலை முடிந்து வந்து சேருவதோ ஆறரைக்கு. நான்கு மணிக்கு யார் குடிப்பார்கள்? காலி பெஞ்சுகளுக்குத்தான் டீ! மணி அடிப்பார்கள், அண்டாவைக் கொண்டுவந்து வைப்பார்கள், அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஓடையில் கொட்டிவிடுவார்கள். தினமும் இது நடந்தது. கேட்டால் மேட்ரன் டீச்சர், அவர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், "ரூல் அதாணு கொச்சே" என்பார், விதி அதுதானாம். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி.

என் அறைத்தோழி சரோஜம். விதுரா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. காலையிலிருந்து நின்று நின்று வருவாள். முதல் வாரத்திலேயே கட்டிலில் விழுந்து காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு சொன்னாள், "எடீ, சாயா இல்லாம எனக்கு ஆவாது கேட்டோ. நாம ரூம்லயே போடலாம்." அவளிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைத்தூள் ஒரு பால்பவுடர் டப்பா நிறைய இருந்தது. நான் சுருள் கம்பி ஹீட்டர் ஒன்று வாங்கினேன், தண்ணீரில் முக்கிக் கொதிக்க வைப்பது. அடுப்பு இல்லையே அது, கம்பிதானே! விதியை மீறவில்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

இஞ்சி தட்டும் சத்தம்தான் பெரிய தொல்லை. ஏழு மணிக்குக் கீழே கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டு. லேட்டாக வருகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, நாங்கள் இருவரும் தினமும் லேட் என்று சொல்லிக்கொள்வோம். அவர்கள் கைத்தாளம் போடும்போது நாங்கள் மேலே ஜன்னல் திட்டில் கல்லால் தாளத்துக்குத் தட்டுவோம். ஒரு சரணத்துக்கு ஒரு துண்டு இஞ்சி. பாட்டு நீண்டால் கிராம்பும் நன்றாகப் பொடியும். கடவுள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார், மேட்ரனிடம் சொல்லவில்லை, நல்லவர்.

சரோஜத்தின் முறை இது. தண்ணீரும் இஞ்சி, ஏலக்காய், கிராம்பும் முதலில், அது கொதித்துப் பொங்கும்போது தூள், கடைசியில் பால். பால் பச்சையாக விழுவதால் டீ வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஒருநாள் அவள் வரத் தாமதமானது. அவளுக்குச் சுடச்சுடக் கொடுத்து அசத்திவிடலாம் என்று இந்த மேதாவி என்ன செய்தாள் தெரியுமா? ஏலக்காய் தட்டிப் போட்ட பாலிலேயே கம்பியை முக்கிவிட்டாள். தண்ணீர் வேறு, பால் வேறு என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தோன்றாமல் போனதோ! பால் கம்பியில் அப்பிக் கருகியது, பொங்கியது, வழிந்து பிளக்கில் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம். விடுதி முழுக்க இருட்டு. கீழே பாட்டு பாதியில் நின்றது.

மேட்ரன் டார்ச்சோடு மாடி ஏறி வந்தார். எந்த அறை என்று அவருக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மூக்கை நிமிர்த்தி நேராக என் கதவுக்கு வந்தார். "ஏலக்காய் மணக்குன்னு! ஆரா அது?" யாரது என்று கேட்கிறார்.

பொய் சொல்லியிருக்கலாம். பாட்டு நின்றதும் மேலே வந்துவிட்ட பக்கத்து அறைப் பெண்கள் எல்லாரும் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஓடையில் போகும் அந்த டீயும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது.

"நான்தான்" என்றேன்.

"மாப்பு எழுதிக் கொடு. இல்லேங்கில் சனியாழ்ச்ச ரூம் ஒழியணும்." மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் அறை, இல்லாவிட்டால் வெளியே.

மறுநாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து டைப் அடித்தேன். 'நான்கு மணிக்குத் தேநீர் என்பது விதி. நாங்கள் வருவது ஆறரை மணிக்கு. யாரும் குடிக்காத தேநீர் தினமும் ஓடைக்குப் போகிறது. பியூஸ் போனதற்கு வருந்துகிறேன். டீ போட்டதற்கு வருந்தவில்லை.' ஒரு பிரதி மேட்ரனுக்கு. கார்பன் பிரதியை நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டேன். திமிர்தான். இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

அறை போயிற்று. சனிக்கிழமை பெட்டியோடு இறங்கினால், சரோஜமும் பெட்டியோடு நிற்கிறாள். "உன்ன யாருடீ போகச் சொன்னா?" என்றேன். "தூளு எண்டது. நான் மட்டும் இங்க எங்கன இருப்பேன்?" என்றாள். தூள் அவளுடையதாம், அதனால் அவளும் குற்றவாளியாம்.

கரமனையில் ஆற்றை ஒட்டி, ஒரு வீட்டின் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. கேட்கப் போன பல வீடுகளில் "ரெண்டு பொம்மனாட்டிகள் தனியாவா?" என்று எங்களைக் காலிலிருந்து தலை வரை பார்த்து அனுப்பியிருந்தார்கள். பாய் வாங்குவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினோம். கதவை அகலத் திறந்து வைத்து, இஞ்சியை ஊருக்கே கேட்கும்படி தட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடுதி போன சேதி எட்டி, அப்பா தேடிக்கொண்டு வந்தார். கையில் மடித்த ஒரு காலிச் சாக்கு. என் சாமான்களுக்கு.

"யாரக் கேட்டு இங்க வந்த?"

"யாரையும் கேக்கல."

"கெட்டு பெட்டிய."

"டீ குடிங்கப்பா. நான் வரமாட்டேன். அதச் சொல்லிட்டுத்தான் டீ தாரேன்."

பால் பொங்கிக் கொஞ்சம் சிந்தியது. சரோஜம் ஸ்டவ்வுக்குப் பின்னாலிருந்து டம்ளரைத் துடைத்து நீட்டினாள். அப்பா தரையில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். "இஞ்சி கூடுதல்" என்றார். பிறகு டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். ஸ்டவ்வைப் பார்த்தார். "திரி ஏறியும் எறங்கியுமா இருக்கு, அதான் பொகையுது. கத்திரி இருக்கா?" உட்கார்ந்து திரிகளை ஒன்றொன்றாக வெட்டிச் சமன் செய்துவிட்டு, மத்தியானப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். சாக்கை எங்களிடமே விட்டுப் போனார். வெகுகாலம் அது எங்கள் கால்மிதியாக இருந்தது.

அந்த விடுதி இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் திரியை வெட்டத் தெரிந்தவர்களும் இல்லை, அப்பாவும் இல்லை. சரோஜம் போய் மூன்று வருடமாகிறது. அவள் இல்லாதது டீ நேரத்தில்தான் தாங்க முடியவில்லை. கை பழக்கத்தில் இரண்டு டம்ளருக்குத்தான் தண்ணீர் வைக்கிறது. இரண்டையும் நானே குடிக்கிறேன், டாக்டர் கிடக்கட்டும்.

நேற்று சிம்னியை அணைத்தேன் என்றேன் அல்லவா, வாசல் கதவையும் திறந்து வைத்தேன். மகள் "அம்மே, ஃப்ளாட்டுல ஆளுங்க என்ன நெனைக்கும்!" என்றாள். நினைக்கட்டுமே. மணம் வராந்தா முழுக்கப் போனது. மாடிப்படி வரைக்கும் போயிருக்கும். எல்லாக் கதவும் சாத்தியே இருந்தது. மூக்கை நிமிர்த்திக்கொண்டு வந்து யாரது என்று கேட்க இந்தக் கட்டிடத்தில் ஓர் ஆள் இல்லை.

கேட்டால் சொல்வதற்கு நான் இருக்கிறேன். நான்தான்.