வேடியப்பன் என்று யாரும் இங்கே இல்லை

வேடியப்பன் பயந்த மனிதர். காலனியில் எல்லோருக்கும் அது தெரியும். மின்வாரியத்தில் வயர்மேனாகக் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். சப்ளையை நிறுத்தியாயிற்று என்று துணைமின் நிலையத்தில் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். கம்பிகளில் எர்த் சங்கிலியை மாட்டிவிட்டு, அதற்கப்புறமும் புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தால், "பயப்படாதவன் போட்டோவெல்லாம் ஆபீஸ் சுவத்துல மாலையோட தொங்குது, போய்ப் பாரு" என்பார். கடைசிவரை அவர் உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது.

மின்சாரத்துக்கு அடுத்தபடி அவர் பயந்தது போலீசுக்கு. ஸ்டேஷன் இருக்கும் தெருவை விட்டு, மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் வண்டி ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து வரும் மகள் மதிவதனி சின்ன வயதில் அதுதான் நேர்வழி என்று நினைத்திருந்தாள். ஏன் அப்படி என்று அவர் சொன்னதில்லை. இப்போது கேட்கவும் முடியாது.

அப்படிப்பட்டவரைத்தான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். மாவட்டத்தில் மனித உரிமை ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கிறார்களாம். ஒன்பது உறுப்பினர். போலீசார்மீதும் மற்ற அதிகாரிகள்மீதும் வரும் மனுக்களைப் படித்து, எதை விசாரிக்கவேண்டும் என்று குழு சொல்லும். அந்த ஆபீசின் கண்காணிப்பாளர் சந்திரகலா விவரம் சொன்னார்.

"வக்கீல், டாக்டர், லேடீஸ் எல்லாம் ஆச்சு. காலனியிலிருந்து ஒருத்தர் வேணும். கட்சி கூடாது, கேஸ் கூடாது. தேடித் தேடி நீங்க ஒருத்தர்தான் ஆப்டீங்க."

"எனக்குப் பேச வராதுங்களே."

"பேசறதுக்கு வக்கீல் இருக்காரு. நீங்க வந்து உக்காந்தா போதும்."

மறுத்துப் பேசவும் பயந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வீட்டில் மனைவி எல்லம்மாளிடம் சொன்னார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் சக்திவேலுக்கும் விஷயம் தெரிந்தது. சக்திவேலை ஒரு பௌர்ணமி கிரிவலத்தின்போது, வண்டி நிறுத்திய இடம் சரியில்லை என்று பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் அடித்தார்கள். அன்று முதல் இடது காது கேட்காது. அவன் கொடுத்த மனு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"மாமா, நீங்க அங்க இருந்தீங்கன்னா என் மனுவ ஒரு தரமாவது எடுத்துப் படிப்பாங்க" என்றான். வேடியப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

நியமனத்துக்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. எப்போதும் உள்ள நடைமுறைதானே என்று சந்திரகலா அதைச் சொல்லவில்லை.

ஒரு முற்பகலில் ஏட்டு சக்கரபாணி காலனிக்குள் பைக்கை நிறுத்தி, "வேடியப்பன் வீடு எதுங்க?" என்று கேட்டார். பெயர் சொல்லிப் போலீஸ் யாரைத் தேடி வந்தாலும் அந்த ஆள் ஊரில் இருக்கமாட்டான். காலனியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மளிகைக் கடை இராமலிங்கம், அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். குழாயடியில் நின்ற பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எல்லம்மாள் தன் வீட்டு வாசலிலேயே நின்று, "தெரிலிங்க, நாங்க வாடகைக்கு வந்து ஒரு மாசந்தான் ஆவுது" என்றாள். உள்ளே கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் வேடியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சந்திரகலாவின் போன் வந்தது.

"அந்த அட்ரஸ்ல அப்படி யாரும் இல்லனு ரிப்போர்ட் வந்திருக்கு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்களே ஸ்டேஷனுக்குப் போய் சரி பண்ணிடுங்க. இல்லனா கருப்பன் பேரப் போட்டுருவாங்க."

கருப்பனும் காலனிக்காரர்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போலீசுக்குத் தடுப்புக் கட்டை கட்டும் கான்ட்ராக்டர்.

"சாமியா பாத்து வழி வுட்டுது. பேசாம இரு" என்றாள் எல்லம்மாள். வேடியப்பனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை சக்திவேல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் சிரித்தான்.

"எங்கிட்டயும் கேட்டான் மாமா, அந்த ஏட்டு. அந்த ஆளு செத்து ரெண்டு வருசம் ஆவுதுன்னுட்டேன். நம்பிட்டுப் போயிட்டான்."

அந்த ஏட்டு எதற்கு வந்தார் என்று வேடியப்பன் சொல்ல வாயெடுத்தார். சக்திவேல் வலது காதை அவர் பக்கம் திருப்பினான். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

அன்று மார்க்கெட் வழியாகப் போகவில்லை. ஸ்டேஷன் படியில் கால் வைத்தபோது செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"நான்தாங்க வேடியப்பன்."

சக்கரபாணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "செத்துட்டதா இல்ல சொன்னாங்க?"

"பயத்துல சொல்லிட்டாங்க சார்."

"எதுக்குப் பயம்? நாங்க இன்னா கடிச்சுத் துப்பிடுவோமா?" ஏட்டு சிரித்தார். "உங்க பொண்ணு பாஸ்போர்ட்டும் எங்கிட்டதான் விசாரணைக்கு வந்திருக்கு. அதே அட்ரஸ். அதுக்கு இன்னா எழுதறது? உக்காருங்க, ஐயா வரட்டும்."

மதிவதனி மின்பொறியாளர். தோஹாவில் வேலைக்கு உத்தரவு வாங்கி வைத்திருந்தாள். வேடியப்பன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. மத்தியானம் போயிற்று. தண்ணீர் கேட்கப் பயந்து கேட்கவில்லை. உள்ளே ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்தபின் இன்ஸ்பெக்டர் வந்தார். காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தீங்களா பெரியவரே?"

வேடியப்பன் எழுந்து நின்றார். "ஆமாங்க."

ரிப்போர்ட்டைத் திருத்தினார்கள். நியமன உத்தரவு வந்தது. மதிவதனியின் பாஸ்போர்ட் வருவதற்குள் தோஹா வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. இதனால்தான் அது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. வேலை போனதால், தை மாதம் வேடியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்தபோது அவள் ஊரில் இருந்தாள்.

அவர் உட்கார்ந்தது ஒரே ஒரு கூட்டத்தில்தான், மார்கழியில். சக்திவேலின் மனுவைச் சந்திரகலா வாசித்தார். பதில் சொல்ல வந்திருந்த இன்ஸ்பெக்டர், வேடியப்பனுக்கு நேர் எதிரில் இருந்தார். வக்கீல் ஏதோ இரு பக்கமும் பேசினார். விசாரிக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான்கு கைகள் எழுந்தன; இன்னும் ஒன்று வேண்டும். இன்ஸ்பெக்டர் வேடியப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேடியப்பன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசை விளிம்புவரை வந்து, அங்கேயே நின்றது.

எண்ணிக்கொண்டு வந்த சந்திரகலா அவரிடம் நின்றார். "ஐயா, இது தூக்கினதா, சும்மா வச்சிருக்கிறதா?"

"தூக்கினதுதாங்க" என்றார் வேடியப்பன். "இதுக்கு மேல வரமாட்டேங்குது. எழுதிக்கோங்க."