துர்திகுலின் தொண்டையும் ஒரு செம்மறிக் கிடாயும்

"வாயை மூடிக்கிட்டுக் கிடக்க நான் என்ன செத்துப்போன உங்க புருஷனாக்கா?" என்று துர்திகுல் என்மேல் பாய்ந்தான். பாய்ந்தான் என்பது பேச்சுக்குத்தான். வந்ததென்னவோ துருப்பிடித்த கீல் திறக்கிற சத்தம்.

"அவரு உசுரோட இருந்தப்பவே மூடிக்கிட்டுத்தான் இருந்தாரு. நீ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் அந்திஜான் நகரத்து ஆட்டுச் சந்தையில் தரகன். விற்பவன் கையையும் வாங்குபவன் கையையும் சேர்த்துப் பிடித்து, தோள்பட்டை கழலுகிற மாதிரி குலுக்கி, விலை படியும்வரை கத்துவான். வாலிபத்திலிருந்து இதே பிழைப்பு. கத்தாத நேரத்தில் சிகரெட். குரல் கம்மியதும் ஆட்டு வால்கொழுப்பை உருக்கிச் சூடான டீயில் ஊற்றிக் குடித்தான். தொப்பைதான் வளர்ந்தது.

டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாள். குரல் நாணில் கட்டி. கத்திக் கத்தி வருவது சாதுவான கட்டி, சிகரெட் கொண்டுவருவது புற்றாகவும் இருக்கலாம், இவனுக்கு இரண்டு பழக்கமும் உண்டு, அதனால் வெட்டிச் சோதித்தால்தான் தெரியும் என்றாள். வெட்டினாள். புண் ஆறும்வரை ஒரு சொல் பேசக்கூடாது, குசுகுசுவென்றும் கூடாது, மீறினால் குரலை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினாள்.

பயத்தில் ஒரு செம்மறிக் கிடாய் நேர்ந்துகொண்டான். முடிவு வந்தது: புற்று இல்லை. அழுதான், அதையும் சத்தமில்லாமல்.

நேர்ச்சையைத் தள்ளிப்போடக் கூடாதென்று மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனான். இவன் பேசக்கூடாதென்பது சந்தைக்கே தெரியும். தொழிலில் இவனுக்குப் பரம எதிரியான இன்னொரு தரகன் எர்மத், இவன் கையைப் பிடித்து ஆட்டுக்காரன் கையில் வைத்துக் குலுக்கத் தொடங்கினான். கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது என்று அர்த்தம். எர்மத் பிடியோ இரும்பு. ஆட்டுக்காரன் சொன்ன விலைக்கு மேலேயே ஏற்றிக்கொண்டு போனான். துர்திகுல் வேண்டாமென்று தலையை ஆட்டினான். உடம்பே ஆடும்போது தலை ஆடுவது யாருக்குத் தெரியும்?

"விடுடா அவனை," என்றேன்.

"கை குடுத்தவரு வாயைத் திறந்து சொல்லட்டும் பெரியம்மா. இந்த வழக்கத்தை எங்களுக்கெல்லாம் அடிச்சுச் சொன்னதே அவருதான்."

துர்திகுல் வாயைத் திறந்தான். சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். என்னைப் பார்த்தான், கிடாயைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

எங்கள் ஊர் சோம் பணத்தில் முப்பது லட்சம்கூடப் பெறாத கிடாய். நாற்பத்தைந்து லட்சம் சோம் எண்ணிக் கொடுத்தான்.